தடுப்பூசியும் ஆட்டிசக் குழந்தைகளும்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை என்றால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையேயுள்ள கிராமங்களிலிருந்து தாய்மார்கள் குழந்தையை இடுப்பிலும் அட்டையைக் கையிலும் கொண்டு அன்று காலையிலேயே வந்து சேருகிறார்கள். காசில்லாமல் ஊசி போடப்படுகிறது. குழந்தை வீரிட்டழுகிறது, தாய் தட்டிக் கொடுக்கிறாள், ஐந்து நிமிஷத்தில் அழுகை ஓய்ந்துவிடுகிறது. இவ்வளவு சாதாரணமான விஷயத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்கு என்ன இருக்கிறதென்று நேயர்கள் கேட்கக்கூடும்.

பெரும்பான்மையான குழந்தைகளைப் பொறுத்தவரையில் எழுதுவதற்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு அந்த ஐந்து நிமிஷம் அரை நாள் யுத்தமாக முடிகிறது. நாலு பேர் கூடிக் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டு அனுப்புகிறார்கள். குழந்தை இரவெல்லாம் உறங்குவதில்லை. அடுத்த தவணை வரும்போது அந்த வீதியில் திரும்புவதற்கே அது மறுக்கிறது. பெற்றோரும் மனம் சலித்து, "இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் "பிறகு" பல வீடுகளில் வருவதே இல்லை. இந்நிலைமையை மாற்ற முடியும்; அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை; மாற்றும்படி கேட்பதற்குச் சட்டமும் இடம் கொடுத்திருக்கிறது. இம்மூன்றையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டிசம் என்பது யாது?

1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் லியோ கான்னர் என்னும் வைத்தியர் பதினொரு குழந்தைகளின் நடத்தையைக் கவனித்து எழுதிய கட்டுரையில்தான் இந்நிலைமை முதன்முதலாகத் தெளிவாக வர்ணிக்கப்பட்டது. இது தொற்று நோயன்று; வளர்ப்பில் நேர்ந்த குற்றமுமன்று. மூளையின் வளர்ச்சியிலேயே அமைந்துள்ள ஒரு மாறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுதல், மாறுதலைத் தாங்குதல் ஆகிய விஷயங்களில் இக்குழந்தைகள் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்கள். சிலர் பேசுவதேயில்லை, சிலர் நிரம்பப் பேசுவார்கள். ஒருவரைப் போல் மற்றவர் இரார்.

நமது சர்க்கார் காகிதங்கள் சிலவற்றில் இவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெயர் உண்மைக்கு நேர்மாறான எண்ணத்தை உண்டாக்குகிறது. இக்குழந்தைகளில் பலருக்குத் துன்பம் விளைவிப்பது புற உலகம் எட்டாமற் போவதன்று. அது தாங்க முடியாத அளவுக்கு உள்ளே பாய்வதுதான். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தன்று மேளமும் வேட்டும் ஜனங்களின் ஆரவாரமும் சேர்ந்தெழும்போது நாம் மெய்சிலிர்த்து நிற்கிறோம். அதே வீதியில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு துடிக்கும் ஒரு குழந்தையையும் பார்த்திருப்போம். அக்குழந்தைக்குக் குழல் விளக்கின் துடிப்பும், ஸ்பிரிட்டின் நெடியும், முன்பின் தெரியாதவர் கை தோளில் படுவதும் கூட அத்தேரோட்டத்தின் ஓசையைப் போலவே பெரிதாக இருக்கலாம்.

இன்னொரு தப்பெண்ணமும் உண்டு. "இந்தக் குழந்தைகளுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது" என்று வைத்தியம் தெரிந்தவர்களே சில சமயம் சொல்லக் கேட்டிருக்கிறோம். வலியை இவர்கள் காட்டும் விதம் வேறு. வலி இல்லையென்று அதற்கு அர்த்தமில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது நமது ஊர் வழக்கம். அழாமல் விறைத்து நிற்கும் பிள்ளையின் வலியை அறிந்துகொள்ளும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை

கூட்டம் மிகுந்த ஒரு சுகாதார நிலையத்தை நேயர்கள் மனக்கண்முன் கொண்டு வரட்டும். ஒரே தாழ்வாரம்; ஒரே வாசல். ஊசி போடும் அறையிலிருந்து ஒவ்வொரு குழந்தையின் அலறலும் வெளியே காத்திருக்கும் குழந்தைகளின் காதில் விழுகிறது. காத்திருப்பது அரை மணியோ ஒன்றரை மணியோ யாருக்கும் தெரியாது. இதற்குக் காரணம் சுகாதார நர்ஸின் அலட்சியமன்று. தட்டம்மை-ரூபெல்லா மருந்து பல குழந்தைகளுக்கு உரியதாக ஒரே சீசாவில் வருகிறது. அதைக் கரைத்து விட்டால் நாலு மணி நேரத்துக்குள் உபயோகிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஆகவே குழந்தைகள் பலர் சேர்ந்த பிறகே சீசாவைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. மருந்தைச் சிக்கனம் செய்வதற்காக ஏற்பட்ட இக்கூட்டம் ஆட்டிசக் குழந்தைக்கு முதற் பகையாகிறது.

பிறகு பெயர் கூப்பிடப்படுகிறது. குழந்தையைத் தூக்கி மேஜைமேல் கிடத்துகிறார்கள். என்ன நடக்கப் போகிறதென்று அதற்கு எவரும் சொல்லவில்லை. அல்லது "ஒன்றுமில்லை, வலிக்காது" என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். குத்துகிறார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருந்து போக வேண்டுமென்பது விதி. பயத்தின் உச்சியிலிருக்கும் குழந்தையை அதே இரைச்சலில் அரை மணி நேரம் வைத்துக்கொண்டு தாய் தவிக்கிறாள். பக்கத்திலிருப்பவர்கள், "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று முணுமுணுக்கிறார்கள். அந்தத் தாய் மறுபடியும் வருவாளென்று எதைக் கொண்டு நாம் எதிர்பார்ப்பது?

காக்கையும் பனம்பழமும்

தாய் வரத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் பேசிவிடுவது நல்லது. தட்டம்மைத் தடுப்பூசியால்தான் ஆட்டிசம் உண்டாகிறது என்னும் வதந்தி கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகைச் சுற்றி வருகிறது. இதன் பிறப்பிடம் லண்டன். 1998-ம் வருஷத்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பன்னிரண்டே குழந்தைகளைப் பற்றி 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தடுப்பூசிக் கம்பெனிகள்மீது வழக்குத் தொடர முனைந்த வக்கீல் தரப்பிலிருந்து தாம் பணம் பெற்று வந்ததை வேக்ஃபீல்டு வெளியிடவில்லை. குழந்தைகளைப் பற்றிய விவரங்களும் திரிக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் அம்பலமாயிற்று. 2010-ம் வருஷத்தில் அந்தப் பத்திரிகை கட்டுரையை வாபஸ் வாங்கிற்று. அதே வருஷம் வேக்ஃபீல்டின் பெயர் இங்கிலாந்தின் வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கட்சிக்காரருக்கு வேண்டிய சாட்சியத்தை முன்னதாகத் தீர்மானித்துக்கொண்டு பிறகு உண்மையைத் தேடுகிறவனை எந்த நீதிஸ்தலமும் நம்பாது. சாஸ்திர உலகமும் நம்பவில்லை.

எதிர்த்தரப்புச் சாட்சியமோ மிகப் பெரிது. டென்மார்க் தேசத்தில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் போட்டுக்கொள்ளாதவர்களுக்கும் ஆட்டிசம் உண்டாவதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஜப்பானில் அந்த முக்கூட்டு ஊசியை 1993-ம் வருஷத்திலேயே நிறுத்திவிட்டார்கள். யோகஹாமா நகரில் அதன் பிறகும் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தைகளின் தொகை ஏறிக்கொண்டேதான் போயிற்று.

பின் ஏன் இத்தனை பெற்றோர்கள் அதை நம்புகிறார்கள்? பேச்சு வராமை, கூப்பிட்டால் திரும்பாமை முதலிய அடையாளங்கள் குழந்தையின் இரண்டாவது வயதில் வெளிப்படையாகத் தெரிகின்றன. நமது நாட்டு அட்டவணைப்படி தட்டம்மையின் இரண்டாம் தவணை ஊசியும் 16 முதல் 24 மாதத்துக்குள் வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆயினும் துயரத்திலிருக்கும் தாயைப் பார்த்து "நீ மூடநம்பிக்கைக்காரி" என்று சொல்வதனால் எந்தப் பயனுமில்லை. ஊசி போடும் அறையில் அவளுடைய குழந்தையை மூர்க்கமாக நடத்திவிட்டு, வெளியே வந்து சாஸ்திர உபதேசம் செய்தால் அவள் காதில் ஏறுமா? வதந்தி அவள் வீட்டுக்குள் நுழைவதற்கு நாமே கதவைத் திறந்து விட்டவர்களாவோம்.

கடலூர் கற்ற பாடம்

ஒரு சில குழந்தைகள் ஒரு தவணையைத் தவறவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போருக்குக் கடலூர் ஜில்லாவே பதில் சொல்லும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி தேவனாம்பட்டினம் முதலிய கரையோர ஊர்களை அழித்துச் சென்றதை நாம் மறக்கவில்லை. அதையடுத்த வாரங்களில் இந்த ஜில்லாவில் தட்டம்மை தலைகாட்டிற்று. ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், ஒரு தவணை ஊசி பெருவாரியான குழந்தைகளுக்குப் போடப்பட்டிருந்த இடத்திலேயே நோய் பரவியிருந்தது. ஒன்பதாம் மாதத்தில் போடும் ஒரு தவணை நூற்றுக்குச் சுமார் 85 குழந்தைகளுக்கே காப்பளிக்கும். எஞ்சியவர்களைக் காப்பது இரண்டாம் தவணை. இந்தியாவில் 2010-ம் வருஷம் முதல் அந்த இரண்டாம் தவணை படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. நூற்றுக்கு 95 பேர் இரு தவணைகளையும் பெற்றால்தான் தட்டம்மை ஊருக்குள் பரவ இடமில்லாமற் போகும்.

முதல் தவணையின்போது குழந்தைக்கு ஆட்டிசம் உண்டென்பது வீட்டாருக்கே தெரியாது. இரண்டாம் தவணையின்போதுதான் அதன் சிரமங்கள் முளைக்கின்றன. ஆகவே ஊர் முழுவதன் பாதுகாப்புக்கும் எந்தத் தவணை அத்தியாவசியமோ, அந்தத் தவணைதான் இக்குழந்தைகளிடம் நழுவிப் போவது. கடலூர் போன்ற நெல்வயல் சூழ்ந்த ஜில்லாக்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசியும், எங்கும் போடப்படும் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான ஊக்க ஊசியும் அதே வயதில் வருகின்றன. ஒரே நாளில் மூன்று குத்தல்! அதற்கப்பால் ஐந்து வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. ஒரு நாளில் பலாத்காரமாகச் சாதித்த காரியம் பின்வரும் பதினான்கு வருஷத்தையும் பாழாக்கிவிடுகிறது.

அமெரிக்காவில் 2018-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆட்டிசக் குழந்தைகள் மட்டுமன்றி அவர்களுக்குப் பின் பிறந்த தம்பி தங்கைமாரும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே தடுப்பூசி பெற்றிருப்பதைக் காட்டியது. ஒரு குழந்தையிடம் நாம் இழந்த நம்பிக்கைக்கு வீடு முழுவதும் விலை கொடுக்கிறது.

பழைய சரித்திரம்

ஊசிக்கும் ஜனங்களுக்கும் இடையே நம்பிக்கை குலைந்தால் என்ன நேரும் என்பது நமது தேசத்துக்குப் புதிய விஷயமன்று. இந்தியாவில் முதல் அம்மைக் குத்து 1802-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குப் போடப்பட்டது. அக்குழந்தையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரே அடுத்த குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து சென்னை முதலிய இடங்களுக்கும் கைக்குக் கையாகச் சென்றது. ஆறின புண்ணை மறுபடி கீறி நீர் எடுக்கக் குழந்தையைக் கொண்டுவா என்றால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். 1880-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் அம்மை குத்தும் சட்டத்தைக் கொண்டு வந்தது; சென்னை ராஜதானியின் நகரங்களிலும் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகும் வைசூரி நம்மை விட்டுப் போவதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1975-ம் வருஷத்தில் கடைசி நோயாளி. 1980-ம் வருஷத்தில் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதென்ற அறிவிப்பு. அது மானிட ஜாதி பெற்ற மகத்தான வெற்றிகளில் ஒன்று. ஆனால் சட்டத்தின் கை மட்டும் அதைச் சாதிக்கவில்லை.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லீஸ் துரை இதை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தார் போலும். தேவிக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் சம்பாஷணையாக, அம்மை குத்துவதன் நன்மையை விளக்கும் ஒரு கதையை அவர் எழுதினார். அந்நிய ஆட்சியின் உபாயம் அது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், முன்கூட்டியே ஒரு கதை சொல்லி மனத்தைத் தயார் செய்யாமல் ஊசியை மட்டும் கொண்டுபோவதில் பயனில்லை என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. 2017-ம் வருஷம் பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸப் செய்திகளைப் பார்த்துப் பல பெற்றோர்கள் மிரண்டதையும் நாம் பார்த்தோம்.

செய்ய வேண்டியவை

நிற்க. இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ம் வருஷத்தில், தடுப்பூசியின் வலியைக் குறைப்பதற்கென்றே ஒரு யோசனைப் பத்திரம் வெளியிட்டது. ஊசி போடுபவர் அமைதியாக இருக்க வேண்டும். கைக்குழந்தையைத் தாய் அணைத்துப் பிடித்திருக்க வேண்டும், இயன்றால் பாலூட்ட வேண்டும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையைக் கிடத்தாமல் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். பல ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று அது கூறுகிறது. இவை எல்லாக் குழந்தைகளுக்கும் உரியவை. ஒன்றுக்காவது காலணா செலவுண்டா?

ஆட்டிசக் குழந்தைகளுக்கு இவற்றோடு இன்னும் சில வேண்டும். முதலாவது, முன்னறிவிப்பு. கரோல் கிரே என்னும் அமெரிக்க உபாத்தியாயினி 1991-ம் வருஷத்தில் புகுத்திய முறை ஒன்று உலகமெங்கும் வழக்கத்திலிருக்கிறது. நடக்கப் போவதைச் சிறு சிறு படங்களாகவும் வாக்கியங்களாகவும் முன்னதாகக் காட்டுவதே அது. பஸ், சுகாதார நிலையத்தின் வாசல், நாற்காலி, நர்ஸ், ஈரப் பஞ்சு, ஊசி, வீடு என ஏழெட்டுப் படங்கள் போதும். கைபேசியில் எடுத்த சொந்த ஊர்ப் படங்களானால் இன்னும் நலம். "ஊசி குத்தும். கொஞ்சம் வலிக்கும். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பிறகு வீட்டுக்குப் போவோம்." இப்படி உண்மையைச் சொல்ல வேண்டும். வலிக்காது என்று சொல்லி வலிக்கச் செய்தவரை எந்தக் குழந்தையும் இரண்டாம் முறை நம்பாது. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ளும் இக்குழந்தைகள் சற்றும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, பழக்கம். ஊசியில்லாத ஒரு நாளில் குழந்தையை அந்நிலையத்துக்கு அழைத்துச் சென்று, நாற்காலியில் உட்கார வைத்து, நர்ஸிடம் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டில் ஈரப் பஞ்சால் கையைத் துடைத்துப் பழக்கலாம். ஊசி முனை இல்லாத மருந்துப் பீச்சானை விளையாடக் கொடுக்கலாம். ஒவ்வொரு படியாக ஏறினால் மேல்மாடிக்கும் போகலாம். முதல் நாளே தாண்டச் சொன்னால் கால்தான் முறியும்.

மூன்றாவது, நேரமும் இடமும். சீசாவைத் திறந்தவுடன் முதல் ஊசி இக்குழந்தைக்கு என்று ஒரு வழக்கம் ஏற்படட்டும். அதற்குத் தனி நாளும் வேண்டாம், மருந்தும் வீணாகாது. அதுவரை குழந்தை வேப்பமரத்தடியிலோ வெளியில் நிற்கும் வண்டியிலோ காத்திருக்கலாம். முறை வந்ததும் கைபேசியில் கூப்பிட்டால் போதும். அறையில் ஒரே ஒரு நர்ஸ். ஒரே ஒரு குரல். ஊசிக்குப் பிந்திய அரை மணி நேரத்தையும் கூப்பிடு தூரத்தில் அதே மரத்தடியில் கழிக்கலாம்.

நாலாவது, குழந்தையின் கையில் சிறிது அதிகாரம். எந்தக் கையில் எந்த ஊசி என்பது சர்க்கார் விதி. அதில் தேர்வுக்கு இடமில்லை. ஆனால் அம்மா மடியா நாற்காலியா, எண்ணுவதா பாடுவதா, பார்ப்பதா கண்ணை மூடுவதா என்பதைக் குழந்தை தீர்மானிக்கலாம். தனக்குப் பிரியமான பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் விற்கும் காகிதக் காற்றாடியை ஊதிச் சுழற்றுவது கூடப் பயன்படும். மூச்சும் நீளும், கவனமும் திரும்பும்.

டெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்க மாது ஆட்டிசம் உள்ளவர். கால்நடை சாஸ்திரத்தில் பேர் பெற்ற பேராசிரியை. பாலிய வயதில் ஒரு பண்ணையில், மாடுகளுக்கு ஊசி போடுவதற்காக அவற்றை இருபுறமும் மெல்ல அழுத்திப் பிடிக்கும் சட்டத்தைப் பார்த்தார். மிரண்ட மாடுகள் அந்த அழுத்தத்தில் அடங்குவதைக் கண்டு, தமக்கென்றே அதைப் போன்ற ஒரு சாதனம் செய்துகொண்டு அமைதி பெற்றார். அடியாத மாடு படியாது என்பது நமது பழமொழி. மாடு அடியினாலன்றி அணைப்பினால் படிகிறது என்பதை அந்தப் பெண் கண்டுபிடித்தார். அதைவிட முக்கியமான ஒன்றுண்டு: அந்தச் சாதனத்தின் பிடி அவர் கையிலேயே இருந்தது. தாய் இறுக அணைப்பதற்கும் நாலு அந்நியர் அமுக்குவதற்கும் உள்ள பேதம் இதுவே.

ஐந்தாவது, மருந்து. தோல்மீது தடவினால் அவ்விடத்தை மரத்துப் போகச் செய்யும் களிம்பு உண்டு. அது வேலை செய்யச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதன் விலையையும் தாமதத்தையும் கருதி, எல்லாக் குழந்தைகளுக்கும் அதை உலக ஸ்தாபனம் சிபார்சு செய்யவில்லை. வேறு வழியில் ஆறுதல் பெறாத சில குழந்தைகளுக்கு வைத்தியர் யோசனையின்பேரில் அதை உபயோகிப்பது தகும்.

கடைசியாக, ஊசிக்குப் பின் வரும் இரண்டு நாள். பேசாத குழந்தை கை வலிக்கிறதென்று சொல்லாது. கையை அடித்துக்கொள்ளும், உண்ண மறுக்கும், உறங்காது. இது சிறு ஜுரமும் வீக்கமும்தான் என்பதை நர்ஸ் முன்னதாகவே தாய்க்குச் சொல்லிவிட்டால், பின்னால் ஒரு வதந்திக்கு வேலையிராது.

சட்டம் என்ன சொல்கிறது?

இவற்றையெல்லாம் தயவாகக் கேட்க வேண்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். 1999-ம் வருஷத்திய தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. 2017-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி அமுலுக்கு வந்த 2016-ம் வருஷத்திய மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் அங்கீகரித்த 21 வகைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 25-வது பிரிவு, சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் தடையற்ற அணுகலும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையும் வேண்டுமென்று விதிக்கிறது. தடை என்றால் மாடிப்படி மாத்திரந்தானா? இரைச்சலும் கூட்டமும் ஆட்டிசக் குழந்தைக்கு மாடிப்படியைவிடப் பெரிய தடை. மேலும், மற்றவர்களுக்குச் சமமாக ஓர் உரிமையை அனுபவிப்பதற்கு வேண்டிய பொருத்தமான மாறுதல்களை, மிதமிஞ்சிய சுமை ஏற்படாத வரையில், செய்து கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆதார தத்துவம். முதல் ஊசியை முதலில் போடுவதும், ஒரு மரத்தடியில் காத்திருக்க விடுவதும் மிதமிஞ்சிய சுமை என்று எந்த நீதிபதி தீர்ப்பளிப்பார்?

"ஊழியர்கள் குறைவு, நேரமில்லை" என்பது ஓர் ஆக்ஷேபணை. சுகாதார நர்ஸ்களின் தலையில் ஏற்கெனவே பெரும் பாரம் இருப்பது மெய். ஆனால் நாலு பேர் சேர்ந்து பிடிக்கும் அரை மணியைக் கணக்கிட்டால், முன்னேற்பாட்டுக்குச் செலவாகும் பத்து நிமிஷம் லாபமே. "ஒருவருக்குச் சலுகை காட்டினால் எல்லோரும் கேட்பார்கள்" என்பது இன்னொன்று. எல்லோரும் கேட்கட்டும், அமைதியான நர்ஸும், உண்மையான வார்த்தையும், தாயின் மடியும் எந்தக் குழந்தைக்குத் தகாது? கொரோனா காலத்தில், 2021-ம் வருஷம் செப்டம்பரில், வெளியே வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே சென்று ஊசி போட மத்திய சர்க்கார் வழி செய்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் மாத்திரைகள் வாசற்படிக்கே செல்லலாயின. அவ்வளவு தூரம் போன சர்க்காருக்கு இது எம்மாத்திரம்?

நமது கடமை

கடலூர் தலைமை ஆஸ்பத்திரி, சிதம்பரம் காமராஜ் ஆஸ்பத்திரி, அண்ணாமலை நகரில் சர்க்கார் ஏற்றுக்கொண்டுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆகிய மூன்றிலும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை அமைதி வேளையாக ஒதுக்கி, இக்குழந்தைகளுக்கு முதல் முறை கொடுக்கட்டும். அண்ணாமலை நகரிலுள்ள ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியில் பயிலும் மாணவிகளுக்கு இம்முறைகள் பாடமாகவும் பயிற்சியாகவும் கிடைக்கட்டும். குழந்தைகளின் குறைபாடுகளை இளமையிலேயே கண்டறிய 2013-ம் வருஷத்தில் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது. அதன் ஊழியர்கள் ஒரு குழந்தையைக் கண்டறிந்தவுடன், "கூட்டம் ஆகாது, தொடுமுன் சொல்லவும், மடியில் வைத்துப் போடவும்" என்று அதன் தடுப்பூசி அட்டையில் ஒரு வரி எழுதிவிட்டால், எந்த ஊருக்குப் போனாலும் அந்த வரி அக்குழந்தைக்காகப் பேசும்.

இவையெல்லாம் தாமாக நடந்துவிடா. நமது நேயர்களில் பெரும்பாலோர் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள். சாலைக்கும் குடிநீருக்கும் மனு எழுதிப் பழகியவர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைகேட்பில் இந்த மனுவையும் கொடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் ஒரு தீர்மானமாக இதைக் கொண்டு வாருங்கள். சட்டப் பிரிவைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவில் இத்தகைய குழந்தை ஒன்று இருந்தால், அதன் தாயோடு ஒரு புதன்கிழமை துணைக்குப் போங்கள். தாழ்வாரத்தில் முணுமுணுப்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல ஒருவர் இருப்பதே அவளுக்குப் பெரும் பலம்.

தன் துன்பத்தைத் தானே எடுத்துச் சொல்லமாட்டாத பிரஜையை ஒரு தேசம் எப்படி நடத்துகிறதோ அதைக் கொண்டே அதன் சுதந்திரத்தை அளக்க வேண்டும். ஆட்டிசக் குழந்தைக்கு வாக்குச் சீட்டில்லை, பலருக்குப் பேச்சுமில்லை. நோயிலிருந்து காக்கப்படும் உரிமை அதற்கும் உண்டு. அந்தக் காப்பைப் பயமின்றிப் பெறும் உரிமையும் உண்டு. அடுத்த புதன்கிழமைக்குள் ஒரு நாற்காலியை மரத்தடிக்கு நகர்த்தி வைப்பதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.